சிவப்பு அட்டை இலக்கணம்

ஆங்கிலத்தில் பிழையில்லாமல் ஒரு பத்தி எழுதத் தெரியாவிட்டால் ஐ.ஏ.எஸ். தேர்வில் மற்ற விடைத்தாள்களை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். தில்லிக்கு வரும் தமிழ் இளைஞர்கள் தொல்காப்பியத்துக்கும் ரென் அண்ட் மார்ட்டினுக்கும் நடுவில் திண்டாடுகிறார்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை, தில்லி அசஃப் அலி சாலையில் உள்ள மகளிர் சந்தைத் திடல். தரியாகஞ்ச் நடைபாதையில் பல ஆண்டுகளாகப் பரப்பிக் கிடந்த பழைய புத்தகச் சந்தை, உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2019ல் இந்தத் திடலுக்குள் வந்து சேர்ந்தது. நாவல்களைத் தராசில் நிறுத்து கிலோக் கணக்கில் விற்கிறார்கள். ஆனால் போட்டித் தேர்வுப் புத்தகங்கள் தராசுக்குப் போவதில்லை. அவற்றுக்குத் தனி மரியாதை, தனி விலை. "ரென் அண்ட் மார்ட்டின் இருக்கிறதா?" என்று கேட்டால் போதும். எந்த ஆண்டுப் பதிப்பு, விடைக் குறிப்புப் புத்தகமும் சேர்த்து வேண்டுமா என்று எதிர்க்கேள்வி வரும். சிவப்பு அட்டை போட்ட அந்தத் தடித்த புத்தகத்தைத் தேடி வருகிறவர்களில் பீகார்காரர்கள் உண்டு, மணிப்பூர்காரர்கள் உண்டு. திருநெல்வேலியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்து பழைய ராஜேந்தர் நகரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களும் உண்டு.

இந்தியப் பள்ளிப் பிள்ளைகளை மூன்று தலைமுறையாக மிரட்டி வரும் இந்தப் புத்தகத்தின் முதல் ஆசிரியர் ஒரு சாகச நாவலாசிரியர் என்பது பலருக்குத் தெரியாது. பெர்சிவல் கிறிஸ்டோபர் ரென், 1875ல் பிறந்த ஆங்கிலேயர், ஆக்ஸ்போர்டில் படித்தவர். பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் வேலை பார்த்தார். கராச்சியில் தலைமை ஆசிரியராக இருந்தார். பிறகு இங்கிலாந்து திரும்பி, பிரெஞ்சு அந்நியர் படையைப் பற்றி 'போ ஜெஸ்ட்' என்ற நாவலை 1924ல் எழுதி உலகப் புகழ் பெற்றார். ஹாலிவுட் அதை ஒரு முறைக்கு மேல் படமாக்கியது. பாலைவனக் கோட்டை, துரோகம், வீர மரணம் என்று போகும் அந்த நாவலை இன்று படிப்பவர்கள் குறைவு. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று போகும் அவரது இன்னொரு புத்தகம்தான் நிலைத்தது. எச். மார்ட்டினுடன் சேர்ந்து எழுதி 1930களின் நடுவில் பம்பாயில் வெளியான அந்த உயர்நிலைப் பள்ளி இலக்கணத்தைப் பின்னாளில் என்.டி.வி. பிரசாத ராவ் திருத்தி அமைத்தார். இன்று அதை வெளியிடுவது தில்லியின் எஸ். சாந்த் நிறுவனம்.

ரென்னுக்கு முன்பு அந்தச் சிம்மாசனத்தில் இருந்தவர் நெஸ்ஃபீல்டு. வடமேற்கு மாகாணங்களிலும் அயோத்தியிலும் பொதுக் கல்வி இயக்குநராக இருந்தவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த அவரது இலக்கண வரிசை, தாத்தாக்கள் காலத்துக் கும்பகோணத்திலும் காசியிலும் ஒரே மாதிரி உருப்போடப்பட்டது. 1835ல் மெக்காலே தன் குறிப்பை எழுதினார். 1844ல் அரசு வேலைக்கு ஆங்கிலம் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று ஹார்டிஞ்ச் பிரபு அறிவித்தார். அன்று முதல் ஆங்கில இலக்கணம் இந்தியாவில் மொழிப்பாடமாக மட்டும் இருந்ததில்லை. அது வேலைக்கான அனுமதிச் சீட்டு. சீட்டைக் கிழித்துக் கொடுப்பவர்கள் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சீட்டைக் கிழிக்கும் இடம் ஷாஜஹான் சாலையில் உள்ள தோல்பூர் மாளிகை, அதாவது மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம். முதன்மைத் தேர்வில் மொத்தம் 9 தாள்கள். அவற்றில் 7 தாள்களின் மதிப்பெண்தான் தர வரிசைக்குக் கணக்கு. மற்ற இரண்டும் தகுதித் தாள்கள்: ஒன்று ஆங்கிலம், ஒன்று இந்திய மொழி. ஆங்கிலத் தாளுக்கு 300 மதிப்பெண். கட்டுரைக்கு 100, பத்தியைப் படித்துப் பதில் எழுத 75, சுருக்கி எழுத 75, மீதி 50 இலக்கணத்துக்கும் சொல்லாட்சிக்கும். நூற்றுக்கு 25 வீதம் எடுத்தால் போதும். கேட்பதற்குச் சிறிய வேலிதான். ஆனால் அதில் கால் தடுக்கினால் வரலாறும் பொருளாதாரமும் அறவியலும் எழுதிய மற்ற தாள்கள் திருத்தப்படுவதே இல்லை. அவற்றைத் தமிழிலேயே எழுதியிருந்தாலும் இதே கதிதான்.

இந்த ஏற்பாடு கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979ல் வந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் தேர்வு எழுதலாம் என்ற கதவைத் திறந்ததும் அதே ஆண்டுதான். கதவைத் திறந்தவர்கள் வாசலில் ஒரு சிறு படியாக ஆங்கிலத்தை வைத்தார்கள். படியின் உயரத்தைக் கூட்ட ஒரு முயற்சி 2013 மார்ச்சில் நடந்தது. தகுதித் தாளாக இருந்த ஆங்கிலத்தில் 100 மதிப்பெண்ணைத் தர வரிசைக் கணக்கில் சேர்ப்பதாகவும், இந்திய மொழித் தாளை எடுத்துவிடுவதாகவும் ஆணையம் அறிவித்தது. நாடாளுமன்றத்தில் தமிழக உறுப்பினர்களும் வட மாநில உறுப்பினர்களும் அபூர்வமாக ஒரே குரலில் எதிர்த்தார்கள். அறிவிப்பை நிறுத்தி வைப்பதாக அவையில் சொன்ன அமைச்சர் புதுச்சேரிக்காரரான வி. நாராயணசாமி.

அடுத்த ஆண்டு முகர்ஜி நகர் கொதித்தது. 2011ல் முதல்நிலைத் தேர்வில் புகுத்தப்பட்ட திறனறித் தாளுக்கு எதிராக இந்தி வழி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆங்கிலப் பகுதி ஒரு புண் என்றால், ஆங்கிலத்திலிருந்து இந்திக்குப் பெயர்த்த வினாக்கள் இன்னொரு புண். எஃகு ஆலையைக் குறிக்கும் 'ஸ்டீல் பிளான்ட்' இந்தியில் எஃகுச் செடியாக முளைத்திருந்தது என்று சொல்லிச் சொல்லிப் போராடினார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் தலையில் கைவைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது. 2014 ஆகஸ்டில் ஆங்கிலப் பகுதியின் மதிப்பெண் கணக்கில் சேராது என்று அரசு இறங்கி வந்தது. 2015 முதல் அந்தத் தாளே நூற்றுக்கு 33 எடுத்தால் போதும் என்ற தகுதித் தாளாயிற்று. முதன்மைத் தேர்வின் ஆங்கிலத் தாள் மட்டும் அப்படியே இருக்கிறது.

தமிழ் வழியில் படித்தவருக்கு இந்தத் தாளில் எங்கே கால் இடறுகிறது? அகராதியில் தேடக்கூடிய பெரிய சொற்களில் அல்ல. 'ஏ', 'த' என்ற இரண்டு துணுக்குச் சொற்களில். தமிழில் இவை கிடையாது என்றுதான் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அது பாதி உண்மை. 'புத்தகம் வாங்கினான்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினான்' என்றால் நமக்கு முன்பே தெரிந்த அந்தப் புத்தகம். ஆங்கிலேயன் பெயருக்கு முன்னால் வைக்கும் 'த' செய்யும் வேலையை இங்கே இரண்டாம் வேற்றுமை உருபான ஐ செய்துவிடுகிறது. பிறந்தது முதல் இந்த வேறுபாட்டைப் பிழையில்லாமல் கையாண்டு வருகிற பையனிடம், உன் மொழியில் இது இல்லை, மனப்பாடம் செய் என்றால் அவன் வேறென்ன செய்வான்?

வேற்றுமை உருபுகளில் தலைகீழான சிக்கலும் உண்டு. மேசையில், தில்லியில், வாசலில், ரயிலில் என்று தமிழுக்கு எல்லாம் ஒரே 'இல்'. ஆங்கிலத்துக்கு ஆன், இன், அட், பை என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் வேண்டும். அங்கே தமிழன் தடுமாறுகிறான். பதிலுக்கு, நாம் என்றும் நாங்கள் என்றும் தமிழன் பிரிக்கிற இடத்தில் ஆங்கிலத்துக்கு ஒரே 'வீ'தான். கேட்கிறவனையும் சேர்த்தா, விட்டுவிட்டா என்று ஆங்கிலக் கட்டுரையைப் படிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய பள்ளம், பிறர் கூற்றை எடுத்துச் சொல்வது. 'நாளைக்கு வருகிறேன் என்றான்' என்பது தமிழ். அவன் சொன்ன சொல், அவன் சொன்ன காலம், அவன் சொன்ன 'நாளை' எல்லாம் அப்படியே இருக்கும். 'என்று' என்ற ஒரு சொல் அத்தனையையும் பத்திரமாகக் கட்டி வைத்துவிடும். ஆங்கிலத்தில் 'ஹீ செட் ஹீ வுட் கம் த நெக்ஸ்ட் டே' என்று தன்மை படர்க்கையாக வேண்டும், காலம் பின்னுக்கு நகர வேண்டும், நாளை என்பது மறுநாள் ஆக வேண்டும். ஒரே வாக்கியத்தில் மூன்று வீடு மாற்றம். தேர்வாணையமும் பள்ளி வாரியங்களும் விடாமல் கேட்கிற கேள்வி இதுதான். அடுத்தது செயப்பாட்டு வினை. 'படு' சேர்த்துப் பேசுகிற தமிழர் யாரும் இல்லை. அலுவலகக் கடிதத்திலும் செய்தித்தாளிலும் மட்டுமே 'அறிவிக்கப்படுகிறது', 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று அது உயிர் வாழ்கிறது. அந்தத் தமிழே ஆங்கிலத்தின் நிழல்தான்.

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று எழுதுகிற பிழையை எல்லோரும் கேலி செய்கிறார்கள். 'எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்' என்பதில் உள்ள 'இருக்கிறார்கள்' ஆங்கிலத்தில் இருவேறு நிகழ்காலமாகப் பிரிகிறது என்பதை யாரும் விளக்குவதில்லை. கேலி எளிது.

இலக்கணத்தைத் தாண்டினால் அணி. சிவப்பு அட்டைப் புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது. சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன், ஹைபர்போலி, ஐரனி, யூஃபமிசம், மெட்டானமி, சினெக்டகி என்று கிரேக்க, லத்தீன் பெயர்கள் அணிவகுக்கின்றன. பெயரைக் கேட்டே பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், உலகத்திலேயே இந்தப் பாடத்துக்கு அஞ்ச வேண்டாதவர்கள் தமிழ் மாணவர்கள். தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வரையறுக்கிறது. அதன் மூலமான வடமொழிக் காவியாதர்சத்தை எழுதிய தண்டியைக் காஞ்சியோடு சேர்த்தே பேசுவது வழக்கம். சிமிலி உவமை. மெட்டஃபர் உருவகம். ஹைபர்போலி உயர்வு நவிற்சி. புகழ்வது போலப் பழிக்கும் ஐரனியை வஞ்சப்புகழ்ச்சி என்று பத்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். யூஃபமிசத்துக்கு மங்கலம், இடக்கரடக்கல் என்று ஒன்றுக்கு இரண்டாகவே பெயர் உண்டு. இறந்தார் என்னாமல் இயற்கை எய்தினார் என்பது மங்கலம். அவையில் சொல்லக் கூசுவதை மறைத்து, கால் கழுவி வந்தேன் என்பது இடக்கரடக்கல். ஆங்கிலம் இந்த இரண்டையும் ஒரே பைக்குள் போட்டுவிட்டது.

மிகவும் கடினம் என்று பெயரெடுத்த மெட்டானமியும் சினெக்டகியும் நம் ஆகுபெயரைத் தவிர வேறில்லை. தில்லி மறுத்துவிட்டது என்று செய்தித்தாள் எழுதினால், மறுத்தது ஊரல்ல, ஊரில் உள்ள அரசு. இது இடவாகுபெயர். தலைக்கு நூறு ரூபாய் என்றால் சினையாகுபெயர், ஆங்கிலத்தில் சினெக்டகி. புத்தகச் சந்தையில் "ரென் அண்ட் மார்ட்டின் இருக்கிறதா?" என்று கேட்கிற பையன் ஆசிரியர் பெயரால் நூலைக் குறிக்கிறான். கருத்தாவாகுபெயர். எந்தப் பாடத்துக்குப் பயந்து அந்தப் புத்தகத்தை வாங்க வந்தானோ, அந்தப் பாடத்தை வாங்கும்போதே சரியாகச் சொல்லிவிடுகிறான்.

பிறகு ஏன் தேறுவதில்லை? இரண்டு மொழி வகுப்புகளும் ஒன்றையொன்று பார்த்துப் பேசுவதில்லை. தமிழாசிரியர் நன்னூலை ஆங்கிலத்தோடு ஒப்பிடுவது அபூர்வம். ஆங்கில ஆசிரியர் தமிழ் உதாரணம் சொன்னால் வகுப்பின் தரம் குறைந்துவிடும் என்று நினைக்கிறார். இன்னொன்று, இரு பக்கமும் அணிக்குப் பெயர் வைக்கத்தான் கற்றுத் தருகிறார்கள். அடிக்கோடிட்ட தொடரில் பயின்று வந்துள்ள அணி எது என்ற கேள்விக்குப் பதில் சொல்பவர், அதே அணியைத் தன் கட்டுரையில் எங்கே போடுவது, எங்கே போடாமல் இருப்பது என்று தெரியாமல் விழிக்கிறார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடுகிற முடிச்சை ஆங்கிலத்தில் போட்டால் படிக்கிறவருக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. இதில் பத்திரிகைக்காரர்களுக்கு யாரையும் கேலி செய்ய உரிமை இல்லை. அமைச்சர்கள் பச்சைக்கொடி காட்டுவதும், வல்லரசுகள் பனிப்போர் நடத்துவதும், எதிர்க்கட்சிகள் முதலைக் கண்ணீர் வடிப்பதும் ஆங்கிலத்திலிருந்து இறக்குமதியானவை. பழையனூர் நீலி அழுத நீலிக் கண்ணீர் கைவசம் இருக்க, முதலையை அழைத்து வந்ததற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

ஆங்கில அணியைத் தமிழன் ஆண்ட கதையும் தில்லிக்கு உண்டு. கும்பகோணம் பக்கத்து வலங்கைமானில் 1869ல் ஓர் ஏழைப் புரோகிதரின் மகனாகப் பிறந்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. மாயவரத்திலும் சேலத்திலும் பள்ளி ஆசிரியர். பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர். ஆங்கிலச் சூழலில் வளராதவர். இலக்கணமும் ஓயாத வாசிப்புமே அவர் முதல். கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, பின்னர் பேரரசின் சட்டமன்றத்துக்கு வந்தார். வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று வெள்ளைக்காரர்களே பட்டம் கொடுத்தார்கள்.

1919 பிப்ரவரி 7. இன்று தில்லி சட்டப்பேரவை நடக்கும் பழைய தலைமைச் செயலகத்தில் அன்று பேரரசின் சட்டமன்றம் கூடியது. ரௌலட் மசோதா விவாதம். தலைமை வகித்தவர் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு. சாஸ்திரி எழுந்தார். கெட்ட சட்டம் ஒன்று வந்துவிட்டால் அது கெட்டவர்கள் மேல் மட்டுமே பாயும் என்று நம்ப முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். 'கெட்ட' என்ற எளிய சொல்லைச் சட்டத்துக்கும் ஆட்களுக்கும் திருப்பித் திருப்பிப் போட்டார். தமிழாசிரியர் கேட்டிருந்தால் பின்வருநிலையணி என்று சொல்லியிருப்பார். கிரேக்கப் பெயர் எதுவும் வேண்டாத அணி. பார்வையாளராக உட்கார்ந்திருந்த காந்தி, தன் வாழ்நாளில் அந்தச் சட்டமன்ற நடவடிக்கையைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான் என்று சுயசரிதையில் எழுதுகிறார். வைஸ்ராய் மயங்கிப்போய்க் கேட்டதையும் எழுதிவிட்டு, தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவது போல நடிப்பவனை எழுப்ப முடியாது என்ற பொருளில் ஒரு வரி சேர்க்கிறார். மசோதா மார்ச் மாதம் நிறைவேறியது. ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக்.

அந்தச் சுயசரிதையின் ஆங்கில வடிவத்திலும் சாஸ்திரியின் கை இருக்கிறது. மகாதேவ தேசாயின் மொழிபெயர்ப்பை ஆங்கிலப் புலமை மிக்க பெரியவர் ஒருவர் திருத்திக் கொடுத்ததாகவும், தன் பெயரை வெளியிடக் கூடாது என்பதே அவர் நிபந்தனை என்றும் முன்னுரை சொல்கிறது. அந்தப் பெரியவர் சாஸ்திரிதான் என்பது பரவலான கருத்து. ஒற்றைச் சொல்லை எடுப்பதும் 'த'வைச் சேர்ப்பதுமான வேலைக்கு யாரும் பெயர் போட்டுக்கொள்வதில்லை.

தில்லித் தமிழர் குழந்தைகள் நிலை வேறு. 1923ல் மதராஸி கல்விச் சங்கமாகத் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நகரில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் ஒரே மணியடிப்புக்குள் நடக்கும் பள்ளிகள். ஆங்கிலப் பேச்சு இந்தப் பிள்ளைகளுக்குச் சரளமாக வருகிறது. எழுத்தில் கதை மாறுகிறது. இதற்கு ஒரு பின்னணி உண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பிரிட்டிஷ் உதவியோடு பாடத்திட்டத்தை மாற்றி, 1993ல் ஒன்பதாம் வகுப்பில் 'இன்டராக்ட் இன் இங்கிலீஷ்' வரிசையைக் கொண்டுவந்தது. விதியை உருப்போடாதே, பேசு, எழுது, பயன்படுத்து என்பது அதன் கொள்கை. நல்ல கொள்கை. நெஸ்ஃபீல்டின் பட்டியலில் மாட்டிக்கொண்டிருந்த வகுப்பறைக்குக் காற்று வந்தது. ஆனால் வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் காற்றோடு போயிற்று. இப்போது பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளின் 80 மதிப்பெண்ணில் இலக்கணத்துக்கு 10. அணி கவிதைக் கேள்விகளில் எட்டிப் பார்ப்பதோடு சரி. பள்ளி கைவிட்டதைப் பயிற்சி மையங்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகின்றன.

பயிற்சி மையத்தில் கடைசியாக வருவது சுருக்கி எழுதுதல். கொடுத்த பத்தியை மூன்றில் ஒரு பங்காக, சொந்த நடையில் எழுத வேண்டும். இதற்கு 75 மதிப்பெண், அதாவது தேறத் தேவையான அதே 75. அணி எல்லாம் முதலில் கழிக்கப்படும் இடம் இது. உவமை போகும், எடுத்துக்காட்டு போகும், அழுத்தத்துக்காக இரண்டு முறை சொன்னது ஒரு முறையாகும். எது அலங்காரம், எது எலும்பு என்று தெரிந்தவரால்தான் கழிக்க முடியும். தெரியாதவர் எலும்பைக் கழித்துவிட்டு உவமையை வைத்துக்கொள்கிறார்.

பழைய ராஜேந்தர் நகர் அறைகளில் இன்னொரு வகைத் தமிழர்களும் இருக்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் ஆங்கில வழியில் படித்துப் பொறியியல் முடித்தவர்கள். ஆங்கிலத் தாள் அவர்களுக்கு விளையாட்டு. பயப்படுவது மற்றத் தகுதித் தாளுக்கு. தமிழில் 100 மதிப்பெண்ணுக்குக் கட்டுரை எழுத வேண்டும். ஆங்கிலப் பத்தியைத் தமிழாக்க 20, தமிழ்ப் பத்தியை ஆங்கிலமாக்க 20. வல்லினம் எங்கே மிகும், ஒருமை பன்மை எப்படி முடியும் என்று கையைப் பிசைகிறார்கள். தேறாவிட்டால் இங்கும் அதே தண்டனைதான், மற்ற தாள்கள் திருத்தப்படாது.

ஓர் அறையில் இந்த இருவகையினரும் சேர்ந்து தங்கியிருந்தால் இரவில் ஒருவர் நோட்டை ஒருவர் திருத்துவது வழக்கமாகிவிடுகிறது. தருமபுரிக்காரர் 'புத்தகத்தை' என்பதில் ஏன் ஐ வர வேண்டும் என்று விளக்குகிறார். சென்னைக்காரர் அதே இடத்தில் ஆங்கிலத்தில் 'த' போடச் சொல்கிறார்.